நாலு முடிச்சு நூல்

போன மாசி மாதம் ஒரு நாள் காலையில் கவிதா போன் செய்தாள். மதுரையில் நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்தவள் அவள்தான். மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கிற மெஷினை இயக்குகிற வேலை. நான் பார்த்தது பழைய கோபால்ட் மெஷின். அவள் பார்ப்பது புதுசு. நாங்கள் உடம்பில் மை தொட்டுக் கோடு கிழித்த வேலையெல்லாம் இப்போது போய்விட்டது. கடுகளவு மூன்று புள்ளி வைத்தால் போதும், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் சந்தேகம் வந்தால் அவள் எனக்குத்தான் போன் செய்வாள். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

அன்று அவள் கேட்டது வேறு. சிகிச்சை முடிந்து பல வருஷம் கழித்து மார்பு கெட்டித்துப்போனவர்கள் யாராவது நினைவில் இருக்கிறார்களா, அதே சமயத்தில் சிகிச்சை எடுத்து ஒன்றும் ஆகாதவர்களும் வேண்டும் என்றாள். யாருக்குப் பின்னால் இப்படி ஆகும் என்று ரத்தத்தை வைத்து முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று அவர்கள் துறையில் சோதித்துப் பார்க்கிறார்களாம். பழைய ரிஜிஸ்டரைத் தேடினால் பாதியைக் கரையான் தின்றுவிட்டதாம்.

என் தலையைக் கரையான் தின்னவில்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பெயர் வந்துவிட்டது. சௌடம்மா.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் அப்பா லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டினார். நான் மதுரையில் இரண்டு வருஷம் டிப்ளமோ படித்தேன். இயற்பியலுக்குப் பயந்தேன், ஹாஸ்டல் சாம்பாருக்கும் பயந்தேன், இரண்டையும் தாண்டிவிட்டேன். வேலை கிடைத்ததும் அப்பா ஊரெல்லாம் "எம்மக ஆஸ்பத்திரில லைட்டு அடிக்கிற வேலை பாக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. நோயாளிகள் என்னை "சிஸ்டர்" என்றார்கள். நான் சிஸ்டர் இல்லை என்று முதல் வருஷம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

முதல் நாள் எங்கள் சீஃப் டாக்டர் என்னை மெஷின் மேஜையில் படுக்கச் சொன்னார். அவர் திருச்சுழிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும், அசையக் கூடாது. இருபது நிமிஷம். ஏசி குளிர், கை மரத்துப்போனது, மூக்கு அரித்தது. திரும்பி வந்தவர் திரைக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா" என்று கேட்டு, நான் பதில் சொன்ன பிறகுதான் வந்தார்.

"மூக்கு அரிச்சுதா?"

"அரிச்சுது சார்."

"சொறிஞ்சியா?"

"இல்ல சார்."

"இதத்தான் இங்க படுக்குறவுககிட்ட தெனமும் கேக்கப் போற. மரியாதையாக் கேளு."

அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. இன்னொன்றும் உண்டு. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பதை அவர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். மற்ற இடங்களில் கோடு போட்டு வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் சீஃப், கோடு போட்ட பிறகு ஒரு டேப்பை வைத்துத் தோலின் மேல் நாலு அளவு எடுத்து நோயாளியின் சார்ட்டில் எழுத வைப்பார். கழுத்துக்குழியிலிருந்து மேல் கோடு வரை, அங்கிருந்து கீழ்க் கோடு வரை, நெஞ்சின் நடுக்கோட்டிலிருந்து மார்க்காம்பு வரை, அங்கிருந்து அக்குளுக்குக் கீழே பக்கவாட்டுக் கோடு வரை. நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவோம்.

அந்தக் கோடுகள்தான் எல்லாம். மெஷினின் வெளிச்சம் ஒரு கட்டமாக உடம்பில் விழும். அந்தக் கட்டத்தின் ஓரம் கோட்டின் மேல் உட்கார வேண்டும். தள்ளிப்போனால் நோய் இருந்த இடம் தப்பித்துவிடும், அல்லது நுரையீரல் மாட்டிக்கொள்ளும். வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம், இருபத்தைந்து முறை அதே இடம். அதனால் சோப்புப் போடாதீர்கள், பவுடர் போடாதீர்கள், அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்களிடம் இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கும்.

சௌடம்மா வந்ததும் ஒரு சித்திரையில்தான், ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிறது. என்னைவிட இரண்டு வயது இளையவள். அருப்புக்கோட்டையில் தறிக்கார வீடு. புருஷன் ராமலிங்கம் தறியில் உட்கார, இவள் பக்கத்தில் ராட்டையைச் சுற்றி, குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சியான தாரைச் சுற்றிக் கொடுப்பாள். வலது மார்பில் கட்டி. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்திருந்தார்கள். மார்பு தப்பித்ததில் அவளுக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில்லாத அந்த அறையில் ஜன்னல் கண்ணாடியைத் தேடிப் பார்ப்பாள். நான் கேலி செய்வேன், அவள் சிரிப்பாள்.

அவளோடு கூடவே வந்தவர் முத்துலட்சுமி அம்மா. திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டுக்குச் சொந்தக்காரர், அதே நோய், அதே பக்கம், அதே அறுவை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இருவரும் சேர்ந்து மதுரை பஸ் ஏறுவார்கள். யாருக்கு ஜன்னலோரம் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்திருந்தார்கள். ராமலிங்கம் பின் சீட்டில் தூக்குவாளியோடு வருவார். அவரும் சௌடம்மாவும் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை. சௌடம்மா படுத்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. கோடுகள் ரொம்ப அழகாக இருந்தன. என் கோடு ஒரு கடுகு அகலம் இருக்கும், ஓரம் பிசிறும். இது நூலிழை அகலம், பிசிறே இல்லை. மையும் எங்கள் ஊதா இல்லை, நீலம்.

கேட்டதும் அழுதுவிட்டாள். சனிக்கிழமை குளிக்கும்போது வேர்வையில் ஊறிப்போயிருந்த கோடு துண்டோடு வந்துவிட்டதாம். பதறிப்போய் நின்றவளைப் புருஷன் உட்காரச் சொல்லியிருக்கிறார். நாங்கள் முதன்முதலில் கோடு போட்ட அன்றைக்கே, சாயங்காலம் வீட்டில் அவர் தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒன்றை எடுத்து, அவள் உடம்பில் கோட்டுக்குக் கோடு வைத்து அளந்து முடிச்சுப் போட்டு விளக்கு மாடத்தில் வைத்திருந்தாராம். பாவில் ஒவ்வொரு சேலையும் முடிகிற இடத்தில் குறி போடுகிற நீல மையைத் தொட்டு, அந்த நூலை வைத்துக் கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டார். "அளவெடுக்காம எங்க வீட்டுல ஒண்ணும் வைக்க மாட்டாக சிஸ்டர்" என்றாள்.

சீஃபைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பப் படம் எடுக்க வேண்டும், அன்றைய சிகிச்சை தள்ளிப்போகும், ராமலிங்கத்துக்குப் பேச்சு விழும். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தேன், கட்டம் கோட்டில் உட்கார்ந்தது. அது உட்காரத்தானே செய்யும், கோடு தப்பான இடத்தில் இருந்தாலும் உட்காரும். டேப் எடுத்து அளந்தேனா? இல்லை. "இனிமே இப்படிச் செய்யாதீக" என்று சொல்லி, அவர் கோட்டின் மேலேயே என் ஊதா மையை இழுத்துவிட்டேன். சார்ட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஐந்து வாரம் முடிந்தது. தோல் கறுத்து, உரிந்து, ஆறியது, எல்லோருக்கும் ஆவதுதான். இருவரும் கடைசி நாளில் எனக்குச் சீரணி மிட்டாய் வாங்கி வந்தார்கள்.

கதிர்வீச்சின் வேலை அந்தப் புண்ணோடு முடிவதில்லை. சிலருக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து உள்ளே இன்னொன்று மெதுவாகத் தொடங்கும். தோலுக்கடியில் உள்ள சதை இறுகும், சுருங்கும். நாலாவது வருஷம் சௌடம்மா வந்தபோது வலது மார்பு பாதியாகியிருந்தது. தொட்டால் கல். மேலே சிவப்பு நூல் ஓடியது போல நரம்புகள். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ராட்டையைச் சுற்ற முடியவில்லை. நோய் திரும்பவில்லை என்று சீஃப் சோதித்துச் சொன்னார். அது பெரிய விஷயம்தான். ஆனால் அவள் ஜன்னல் கண்ணாடியைத் தேடாமல் ஜாக்கெட் ஊக்கை மாட்டினாள்.

அன்றைக்கென்று முத்துலட்சுமி அம்மாவும் பரிசோதனைக்கு வந்திருந்தார். அவருக்கு ஒன்றுமே இல்லை. கட்டி எடுத்த தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரே மெஷின், ஒரே அளவு, ஒரே ஐந்து வாரம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

ராமலிங்கம் என்னை வராந்தாவில் பிடித்தார். கையில் தூக்குவாளி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் போட்ட கோட்டுனாலயா சிஸ்டர்?"

"அதெல்லாம் இல்லண்ணே" என்றேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது. அளந்து பார்க்காதவள் சொல்கிற "இல்லை"யில் என்ன இருக்கும்? அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த மத்தியானமே சீஃப் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த நூல் இருக்கா?"

இருந்தது. மறுவாரம் ராமலிங்கம் ஒரு தீப்பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். சீஃப் மேஜையைத் துடைத்தார். நூலை நீட்டி, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, பழைய சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்கேலால் முடிச்சு முடிச்சாக அளந்தார். நாலு முடிச்சு. அவர் எங்களை முணுமுணுக்க வைத்து எழுதச் சொன்ன அதே நாலு அளவு. ராமலிங்கத்துக்கு நாங்கள் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. நாங்கள் டேப் வைத்த இடங்களை மனைவி வந்து சொல்ல, அவரும் அப்படியே அளந்திருக்கிறார். நாலும் சரியாக இருந்தன, முடிச்சின் தடிமன்கூட வித்தியாசம் இல்லை.

"இவுக கை உன் கையவிட நல்ல கை" என்றார் என்னிடம். "தப்பு கோட்டுல இல்ல. நீ எழுதாம விட்டதுல இருக்கு. இப்ப எழுது."

நாலு வருஷம் பிந்திய அந்தக் குறிப்பை அவர் எதிரிலேயே, அன்றைய தேதி போட்டு, என் கையெழுத்தோடு எழுதினேன். பிறகு சீஃப் ராமலிங்கத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். சில பேர் உடம்பு கதிரை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது, பிறவியிலேயே வருவது, யாருடைய தப்பும் இல்லை. "யாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அந்தம்மாவுக்கு வேற மாதிரித் திட்டம் போட்டிருப்பேன். எனக்குத் தெரியலையேப்பா." மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே போய்விட்டேன்.

ராமலிங்கம் கும்பிட்டுவிட்டு நூலைத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். ஆனால் அவர் நம்பவில்லை. சௌடம்மாதான் பிற்பாடு சொன்னாள். "பெரியவுக, நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாக" என்று பஸ்ஸில் சொன்னாராம். அதிலிருந்து பாவுக்குக் குறி போடுவதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பங்காளி வந்து போட்டுக் கொடுப்பார். தாரை மட்டும் இவளுக்குப் பதிலாக ராமலிங்கமே விடியற்காலையில் எழுந்து சுற்றிவிட்டுத் தறியில் உட்காருவார். நான் ஓய்வு பெற்று அருப்புக்கோட்டைக்கே குடிவந்த பிறகும், கடைத்தெருவில் என்னைக் கண்டால் அவர் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்வார், நிற்க மாட்டார். சீஃப் இப்போது இல்லை. அவர் சொல்லியே நம்பாதவரிடம் நான் என்ன சொல்லிவிட முடியும்?

கவிதாவின் போன் வந்த அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரத்தம் வேண்டும் என்றதும் ராமலிங்கம் எழுந்து உள்ளே போய்விட்டார். இனிமேல் தெரிந்து தனக்கு என்ன ஆகப்போகிறது என்று சௌடம்மா கேட்டாள். உனக்கு ஒன்றும் ஆகாது, அடுத்து அந்த மேஜையில் படுக்கப்போகிறவளுக்கு ஆகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, உள் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"வாரேன் சிஸ்டர். அந்தப் பொம்பளைக்காகவும் வாரேன், இவுகளுக்காகவும் வாரேன்."

ரத்தம் கொடுக்கப் போகிற அன்று முத்துலட்சுமி அம்மா திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் அவித்த பனங்கிழங்கோடு வந்துவிட்டார். பழைய முறைப்படி ஜன்னலோரம் யாருக்கு என்று இருவருக்கும் வழக்கு நடந்தது. மதுரையில் கவிதா படிவத்தைப் படித்துக் காட்டினாள், முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டாள். சௌடம்மா விருப்பம் என்று கையெழுத்துப் போட்டாள். ஆளுக்கு இரண்டு குப்பி ரத்தம். பத்து நிமிஷ வேலை.

முடிவைச் சொல்லக் கவிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்கே வந்தாள். போனில் சொல்லிவிடாதே என்று நான்தான் வற்புறுத்தியிருந்தேன். தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ராமலிங்கம் தறியை விட்டு இறங்கவில்லை, கால் குழிக்குள், கை மடியில்.

கவிதா பொறுமையாகச் சொன்னாள். அப்படிச் சொல்ல எங்கள் சீஃபுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், அவளுக்கும் தெரிந்திருந்தது. எல்லோர் ரத்தத்துக்கும் ஒரே அளவு கதிர் கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து, வெள்ளை அணுக்களில் எத்தனை செத்திருக்கின்றன என்று எண்ணுவார்கள். அடிபட்ட அணு நிறையச் செத்து ஒழிந்தால் அந்த உடம்புக்குப் பின்னால் தொல்லை குறைவாக இருக்கிறது. சாகாமல் பிடிவாதமாக இருந்தால், இந்த இறுக்கம் வர வாய்ப்புக் கூடுதல். முத்துலட்சுமி அம்மாவும் தன் முடிவைச் சொல்லச் சம்மதித்திருந்தார். அவர் ரத்தத்தில் நிறையச் செத்திருந்தன. சௌடம்மாவின் ரத்தத்தில் ரொம்பக் குறைவு.

இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு பக்கம் சாய்கிறது என்றுதான் சொல்ல முடியும் என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கே கோபம் வந்தது, இந்த நேரத்தில் இத்தனை நேர்மை தேவையா என்று. பிறகு, அளக்காமல் "இல்லை" என்று சொன்னவள் நான்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ராமலிங்கம் தறியில் இருந்தபடியே கவிதாவிடம் கேட்டார்.

"அந்த ரத்தத்துக்குக் கதிரு குடுத்தீகளே தாயி, அப்ப இவ அங்க இருந்தாளா?"

"இல்லைங்க ஐயா. அவங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. குப்பிய மட்டும் வச்சுக் குடுத்தோம்."

"குப்பியில கோடு கீடு போட்டீகளா?"

கவிதாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கோடே கிடையாதுண்ணே" என்றேன். "ஒருத்தரும் ஒரு கோடும் போடல."

"கோடே இல்லாமயா?"

"கோடே இல்லாம."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. சௌடம்மா எழுந்து போய், எழும்புகிற இடது கையை அவர் தலையில் வைத்தாள். கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பிறகு எங்களுக்காகத் தமிழில், "பதினாறு வருசமா நான் சொல்லாததா? ரத்தம் சொன்னாத்தான் கேக்குறாக" என்றாள். திட்டுகிற மாதிரி ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்துபோனது.

காப்பி வந்தது. கிளம்புகிற நேரத்தில் கவிதா மெதுவாகக் கேட்டாள், அந்த நூலை அவளுக்குத் தர முடியுமா, படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று. ராமலிங்கம் விளக்கு மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்தார், திறந்தார். மஞ்சளித்த நூல், நாலு முடிச்சு. மூன்றாவது முடிச்சுக்கும் நாலாவது முடிச்சுக்கும் நடுவில், இறுகுவதற்கு முன்னிருந்த அந்த மார்பின் அளவின் மேல், விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது மட்டும் முடியாது தாயி. இது இவளோட அளவு."

சௌடம்மா சட்டென்று முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே சின்னதாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.